சியோலில் பார்த்த புன்னகை, கியோட்டோவில் மீண்டும்

சியோல் நகரில் உள்ள கொரிய தேசிய அருங்காட்சியகத்தில் வெளிச்சம் குறைந்த ஓர் அறை இருக்கிறது. 'சிந்தனை அறை' என்று பெயர். 2021-இல் திறக்கப்பட்டது. அவ்வளவு பெரிய அறையில் இருப்பவை இரண்டே சிலைகள். இரண்டும் பொன்முலாம் பூசிய வெண்கலம், இரண்டும் ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழையவை. அவற்றில் ஒன்றின் முன்னால் கூட்டம் தானாகவே நின்றுவிடுகிறது. வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் போட்டு உட்கார்ந்திருக்கும் போதிசத்துவர். குனிந்த தலை. வலது கை விரல்நுனி கன்னத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. உதட்டோரத்தில் ஒரு புன்னகை, வந்ததா வரப்போகிறதா என்று சொல்ல முடியாதபடி.

அப்படி நின்று பார்த்த ஒரு சுற்றுலாக் குழு ஒரு வாரம் கழித்து ஜப்பானின் கியோட்டோவில் கோரியூஜி கோயிலுக்குள் நுழைகிறது. அரையிருட்டில் ஒரு மரச்சிலை. அதே கால், அதே விரல், அதே புன்னகை. இங்கே பொன் இல்லை, வெறும் மரம், அவ்வளவுதான் வேறுபாடு. ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்களில் முதல் தொகுதியாக 1951-இல் அறிவிக்கப்பட்டவற்றில் இதுவும் ஒன்று.

கொரியாவையும் ஜப்பானையும் ஒரே பயணத்தில் சுற்றிக்காட்டும் குழுச் சுற்றுலாக்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. பத்துப் பன்னிரண்டு நாள் பயணம். சியோலில் இறங்கி, பூசான் வரை போய், கடல் தாண்டி ஜப்பான் சேர்ந்து, டோக்கியோவில் விமானம் ஏறுவது ஒரு வழி. அல்லது இதையே தலைகீழாக. பல நிறுவனங்களின் பயணத் திட்டத்தைப் புரட்டினால் இரண்டு தனிச் சுற்றுலாக்களை ஒட்டவைத்ததுபோல்தான் இருக்கும்: அங்கே நாலு அரண்மனை, இங்கே நாலு கோயில், நடுவில் ஷாப்பிங். ஆனால் இந்த இரண்டு நாடுகளையும் சேர்த்துப் பார்ப்பதில் கிடைக்கும் உண்மையான லாபம் வேறு. ஒன்றைப் பார்த்த கண்ணோடு அடுத்ததைப் பார்க்கும்போதுதான் இரண்டும் விளங்குகின்றன. அப்படிப் பார்க்க வைக்கத்தான் நல்ல வழிகாட்டி தேவைப்படுகிறார்.

வரிசையும் முக்கியம். முதலில் கொரியா, பிறகு ஜப்பான் என்று போவது நல்லது. பௌத்தம் அந்த வழியாகத்தான் போயிற்று. ஆறாம் நூற்றாண்டில் கொரியாவின் பெக்சே நாட்டு அரசர் ஜப்பானிய அரசவைக்குப் புத்தர் சிலையும் சூத்திர நூல்களும் அனுப்பினார். பின்னாலேயே துறவிகள், தச்சர்கள், சிற்பிகள், ஓடு செய்பவர்கள் போனார்கள். ஒசாகாவின் ஷித்தென்னோஜி கோயிலைக் கட்ட பெக்சேயிலிருந்து வரவழைக்கப்பட்ட தச்சர் ஒருவர் 578-இல் தொடங்கிய தொழில்தான் 'கோங்கோ குமி' என்ற கட்டுமான நிறுவனம். 1,400 ஆண்டுகளுக்கு மேல் அது தனி நிறுவனமாகவே கோயில் கட்டிக்கொண்டிருந்தது. 2006-இல்தான் இன்னொரு பெரிய நிறுவனத்தின் கீழ் போயிற்று. 794-இல் கியோட்டோவைத் தலைநகரமாக்கிய கன்மு பேரரசரின் தாய் பெக்சே அரச வழியில் வந்தவர் என்று பழைய வரலாற்று ஏடு சொல்கிறது. 2001-இல் அன்றைய பேரரசர் அகிஹிட்டோ இதை வெளிப்படையாகவே நினைவுகூர்ந்தபோது கொரியாவில் அது பெரிய செய்தியானது.

சியோலில் குழுக்கள் முதலில் போகும் இடம் பெரும்பாலும் கியோங்பொக்குங் அரண்மனை. 1395-இல் கட்டியது. அரண்மனைக்கு எதிரே இருக்கும் கடைகளில் கொரிய மரபு உடையான ஹன்பொக்கை வாடகைக்கு எடுத்து உடுத்திக்கொண்டு போனால் நுழைவுக் கட்டணம் கிடையாது. பட்டுப் பாவாடை சரசரக்க இளம்பெண்கள் முற்றமெங்கும் திரிகிறார்கள். குழுவில் இருக்கும் பாட்டிகளுக்கும் ஆசை வந்துவிடுகிறது. படம் எடுத்து முடிந்ததும் வழிகாட்டி சொல்லவேண்டிய கதை ஒன்று இருக்கிறது. இந்த அரண்மனை 1592-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது எரிந்தது. 270 ஆண்டுக்கு மேல் பாழாய்க் கிடந்து, 1867-இல் மீண்டும் எழுந்தது. 1910 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சியில் உள்ளே இருந்த கட்டடங்களில் பெரும்பாலானவற்றை இடித்துத் தள்ளினார்கள்; அரியணை மண்டபத்தை மறைத்து ஆளுநர் தலைமையகத்தைக் கட்டினார்கள். விடுதலையின் ஐம்பதாம் ஆண்டு நாளான 1995 ஆகஸ்ட் 15 அன்று கொரியர்கள் அந்தத் தலைமையகத்தை இடிக்கத் தொடங்கினார்கள். இன்று நாம் பார்ப்பவற்றில் பல, அதன்பின் ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டியவை.

இதைக் கேட்டுவிட்டுக் கியோட்டோ போகிறவருக்கு அந்த ஊரே வேறுமாதிரி தெரியும். சஞ்சூசங்கென்தோ கோயிலில், கருணையின் போதிசத்துவரான கன்னோனின் 1,001 சிலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றைக் காக்கும் 28 தேவர்களில் நம் கருடனும் உண்டு. அங்கே அவர் பெயர் கருரா, கையில் புல்லாங்குழல். எல்லாச் சுற்றுலாப் பேருந்துகளும் இங்கே நிற்கும். இங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் புல் முளைத்த ஒரு மேடு. 'மிமிசுக்கா', அதாவது காது மேடு. 1592 முதல் 1598 வரை ஜப்பானிய ஆட்சியாளர் தொயோத்தோமி ஹிதெயோஷி கொரியாமேல் நடத்திய போரில், வெட்டிய தலைகளைச் சுமந்துவர முடியாமல், கொரியர்களின் மூக்கையும் காதையும் அறுத்து உப்பிலிட்டு அனுப்பினார்கள். அவற்றைப் புதைத்த இடம் இது. பேருந்து இங்கே நிற்பதில்லை. நிற்கவேண்டும்.

அதே போரில் கொரியக் குயவர்களைக் குடும்பம் குடும்பமாக ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள். அதனால் 'குயவர் போர்' என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. அப்படிப் போனவர்களில் ஒருவரான யி சம்-பியோங், கியூஷு தீவின் அரித்தா ஊரில் வெண்களிமண்ணைக் கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். ஜப்பானின் பீங்கான் தொழில் 1616-இல் அங்கேதான் தொடங்கியது என்பது ஊரின் நம்பிக்கை. அவரைத் தெய்வமாக வைத்து வணங்கும் கோயில் இன்றும் அரித்தாவில் இருக்கிறது.

சாப்பாட்டுக்கு வருவோம். நம் ஊர்க் குழுவில் முதல் கேள்வி அதுதானே. சைவர்களுக்குக் கண்ணில் படாமல் நுழைந்துவிடுவது ஜப்பானில் 'தாஷி'. சூப்பிலும் நூடுல்ஸிலும் காய்கறிக் கூட்டிலும் அடிச்சாறாக இருப்பது அது. சூரை மீனை அவித்து, புகையிட்டு, கட்டைபோல் இறுகும்வரை காயவைத்து, இழைப்புளியில் மரம் சீவுவதுபோல் சீவி, கடற்பாசியோடு சேர்த்து எடுப்பார்கள். தூத்துக்குடி, கன்னியாகுமரிக்காரர்களுக்கும் இலங்கையருக்கும் சட்டென்று புரியும்: நம் மாசிக்கருவாட்டின் நெருங்கிய உறவு. மீன் துண்டே இல்லாத தட்டிலும் அது கரைந்திருக்கும். அதனால் "மீன் வேண்டாம்" என்று சொன்னால் போதாது, "தாஷியும் வேண்டாம்" என்று சொல்லவேண்டும். கொரியாவில் கிம்ச்சி பார்க்க நம் ஊறுகாய்போல் சிவப்பாக இருக்கும். மிளகாய், பூண்டு, இஞ்சி எல்லாம் உண்டு. பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ கூடவே உண்டு. இலையுதிர்காலக் கடைசியில் வீட்டார், அக்கம்பக்கத்தார் கூடிக் குளிர்காலம் முழுமைக்கும் கிம்ச்சி போட்டுவைக்கும் 'கிம்ஜங்' வழக்கத்தை யுனெஸ்கோ 2013-இல் தன் பட்டியலில் சேர்த்தது.

இதற்கு நல்ல மாற்று, கோயில் சாப்பாடு. கொரியப் பௌத்த மடங்களில் மீன், இறைச்சி மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையாது. கொரியாவும் ஜப்பானும் சேர்ந்து உலகக் கோப்பைக் கால்பந்தை நடத்திய 2002-இல், வந்த விருந்தினர்களுக்காக மடங்களின் கதவைத் திறந்தார்கள். 'டெம்பிள்ஸ்டே' என்ற அந்த ஏற்பாடு நிலைத்துவிட்டது. ஓரிரவு தங்கலாம், விடியுமுன் எழுந்து வழிபாட்டில் கலந்துகொள்ளலாம், 108 முறை விழுந்து வணங்கலாம்.

அங்கே சாப்பிடும் முறையைச் சற்று அருகிலிருந்து பார்க்கவேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் நான்கு மரக்கிண்ணங்கள்: சோற்றுக்கு, சூப்புக்கு, தொடுகறிக்கு, தண்ணீருக்கு. வேண்டிய அளவு மட்டும் வாங்கவேண்டும், வாங்கியதை மிச்சம் வைக்கக்கூடாது. பேச்சு இல்லை. முடிந்ததும் ஒதுக்கிவைத்த ஒரு துண்டு கிம்ச்சியையோ ஊறிய முள்ளங்கியையோ எடுத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, கிண்ணத்தை ஓரம் ஓரமாகத் துடைக்கிறார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்து, அந்தத் துண்டையும் தின்றுவிடுகிறார்கள். கடைசியாக நாலாவது கிண்ணத்துத் தண்ணீரில் அலசி எடுக்கும்போது அதில் ஒரு பருக்கையும் மிதக்கக்கூடாது. முதல்முறை செய்கிறவர்களுக்கு முகம் சுளிக்கும். ஆனாலும் பயணம் முடிந்து ஊர் திரும்பியபின் மற்றவர்களுக்கு விவரமாகச் சொல்லிக்காட்டுவது பெரும்பாலும் இதைத்தான்.

பயண நடைமுறை பற்றியும் கொஞ்சம். இரண்டு நாடுகளுக்கும் தனித்தனி விசா. சியோலிலிருந்து பூசானுக்கு 2004 முதல் ஓடும் கேடிஎக்ஸ் அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். ஜப்பானில் 1964-இல் தொடங்கிய ஷின்கான்சென் அதிவேக ரயில். சின்ன நிலையங்களில் அது நிற்பது ஓரிரு நிமிடம்தான்; முப்பது பேர் முப்பது பெட்டிகளோடு ஏறுவது நடக்காத காரியம். டோக்கியோ–ஒசாகா பாதையில் நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செ.மீ.-க்கு மேல் போகும் பெட்டிக்கு இடமும் முன்பதிவு செய்யவேண்டும். ஆகவே தேர்ந்த வழிகாட்டிகள் முந்தின நாளே பெட்டிகளை 'தக்யூபின்' என்ற கூரியர் சேவையில் அடுத்த ஊர் விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள். தோளில் ஒரு சின்னப் பையோடு ரயில் ஏறலாம்.

சாகுரா எனும் செர்ரி பூப்பது டோக்கியோ, கியோட்டோ பக்கம் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. இலைகள் சிவப்பது நவம்பரில். 3,776 மீட்டர் உயர ஃபுஜி மலையை மட்டும் எந்த வழிகாட்டியும் உறுதிசெய்து தரமுடியாது. மேகம் விலகினால்தான் உண்டு. குளிர்காலத்தில் வாய்ப்பு அதிகம்.

கொரியாவில் நம்மவர்களைத் திகைக்க வைப்பது காதில் விழும் சில சொற்கள். அப்பாவை 'அப்பா' என்றும், அம்மாவை 'ஒம்மா' என்றும், புல்லை 'புல்' என்றும் அவர்கள் சொல்லும்போது பேருந்தே கலகலக்கிறது. கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் 1905-இலேயே ஒரு நூல் எழுதினார். ஜப்பானியத்தையும் தமிழையும் இணைத்துப் பார்ப்பதில் பேராசிரியர் சுசுமு ஓனோ பல ஆண்டுகள் உழைத்தார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் இந்த உறவை ஏற்கவில்லை; அதையும் வழிகாட்டி சொல்வதே நேர்மை. உறுதியான தொடர்பு வேண்டுமென்றால் ஜப்பானின் நாராவுக்குப் போகலாம். 752-இல் தோதாய்ஜி பெரும் புத்தருக்குக் கண் திறக்கும் சடங்கில் தூரிகை பிடித்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. தூரிகையில் கட்டிய நீண்ட கயிற்றைக் கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள், கண் திறந்த புண்ணியத்தில் எல்லோருக்கும் பங்கு கிடைக்கட்டும் என்று.

ஹிரோஷிமாவைப் பல குழுக்கள் தவறவிடுவதில்லை. 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15: அணுகுண்டு விழுந்த நேரம். அன்று சிதைந்த மண்டபத்தின் எலும்புக்கூட்டையும் அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் பேசாமல் நடக்கிறார்கள். அமைதிப் பூங்காவில் ஓர் ஆமையின் முதுகில் நிற்கும் கல்தூண் ஒன்று உண்டு. அணுகுண்டுக்குப் பலியான கொரியர்களின் நினைவுச்சின்னம் அது. ஜப்பான் ஆண்ட காலத்தில் பிழைப்புக்காக வந்தவர்களும், கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களுமாக ஆயிரக்கணக்கான கொரியர்கள் அன்று அந்த நகரத்தில் இருந்தார்கள். 1970-இல் எழுப்பிய இந்தச் சின்னம் முதலில் பூங்காவுக்கு வெளியேதான் நின்றது. 1999-இல்தான் உள்ளே இடம் கிடைத்தது. சியோலில் தொடங்கிய பயணத்தில் இங்கே ஐந்து நிமிடமாவது நிற்காமல் போவது தகாது.

புண் மட்டுமே இருந்தால் கதை முழுமையாகாது. சியோலுக்கு வெளியே நாமி தீவில், வானளாவிய மரங்கள் இருபுறமும் நிற்கும் ஒரு பாதை. 2002-இல் வந்த 'வின்டர் சொனாட்டா' என்ற கொரியத் தொடரை இங்கே படம்பிடித்தார்கள். மறு ஆண்டு அது ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஓடியதும், நடுவயது ஜப்பானியப் பெண்கள் விமானம் விமானமாக வந்து இந்தப் பாதையில் நடந்தார்கள். கொரிய மொழி வகுப்புகளில் சேர்ந்தார்கள். அரசுகளால் முடியாததை ஒரு காதல் தொடர் செய்தது.

திரும்பவும் கோரியூஜி. அரஷியாமா மூங்கில் காட்டுக்குப் போகும் வழியில்தான் இருக்கிறது, ஆனாலும் பெரும்பாலான பேருந்துகள் தாண்டிப் போய்விடுகின்றன. கொரியாவிலிருந்து வந்து குடியேறியதாகக் கருதப்படும் ஹத்தா குலத்தார் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கோயில் இது. அக்கால ஜப்பானியச் சிற்பிகள் பெரும்பாலும் கற்பூர மரத்தில் செதுக்கினார்கள். இந்தச் சிலையோ செம்பைன் மரம். கொரிய மலைகளில் எங்கும் வளர்வது. அங்கே செய்து கடல்வழி கொண்டுவந்ததா, கொரியச் சிற்பி இங்கே வந்து செதுக்கியதா என்று அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். 1960-இல் ஒரு கல்லூரி மாணவர் அதன் அழகில் மயங்கி நெருங்கித் தொடப்போய், வலது கை விரல் ஒன்று ஒடிந்துவிட்டது. ஒட்டுத் தெரியாதபடி சரிசெய்திருக்கிறார்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. அதனால் கைபேசிகளைப் பைக்குள் போட்டுவிட்டு, சியோலில் பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு, அந்த விரல் எது என்று தேடியபடி குழு சற்று நேரம் நிற்கிறது.