கிணற்றுச் சுவரும் கேசிங் பில்லும்

கோவில்பட்டிப் பக்கம் பழைய கமலைக் கிணறு ஒன்றை எட்டிப் பார்த்தால் பூமியின் அடுக்குகள் அப்படியே தெரியும். மேலே கரிசல். அதன் கீழே வெள்ளை வெள்ளையாய்ச் சுக்கான். பிறகு விரலால் உதிர்க்கக்கூடிய மக்கிய பாறை. அடியில், வெடி வைத்துப் பெயர்த்த கெட்டிப் பாறை. ஊற்றுக்கண் எந்த மூலையில், எத்தனையாவது அடியில் என்பது தூர்வார இறங்கினவருக்கெல்லாம் அத்துபடி. பக்கத்துப் புஞ்சைக்காரர் கிணறு வெட்டுமுன் இந்தச் சுவரைப் பார்த்தாலே போதும், பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இன்று திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நின்று 500 அடி, 1,000 அடி என்று இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. ஆறரை அங்குலத் துளைக்குள் எதை எட்டிப் பார்ப்பது? கம்ப்ரசர் காற்றில் பாறை புழுதியாகப் பறக்கிறது. அதன் நிறம் எப்போது மாறியது என்பதை ரிக் ஆட்கள் கவனிப்பார்கள், எழுதி வைக்க மாட்டார்கள்.

போர் பாயிண்ட் பார்க்கத் தேங்காயும் வேப்பங்கவட்டையும் இன்னும் ஓய்வு பெறவில்லை. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. நான்கு கம்பிகளைத் தரையில் அடித்து மின்தடை அளக்கும் கருவிக்கோ கரிசல் ஒரு சோதனை. களிமண்ணும் மின்சாரத்தைக் கடத்தும், உவர்த்தண்ணியும் கடத்தும். கருவி காட்டும் எண் எதனுடையது என்று சொல்ல, பக்கத்தில் போட்ட ஒரு போரின் விவரம் வேண்டும்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2012-இல் தொடங்கிய நீர்த்தாங்கி வரைபடத் திட்டம் இந்தத் துண்டு விவரங்களைத்தான் கோக்கிறது. சோதனைப் போர்களின் மண் அடுக்குப் பதிவு, மின்தடை அளவு, பாறை வரைபடம் எல்லாம் சேர்ந்து, மக்கிய பாறை எங்கே எவ்வளவு கனம் என்று காட்டும் முப்பரிமாண மாதிரி கணினியில் உருவாகிறது. தண்ணீர் அசைவது இதில் வராது. அது ஓடும் இடம் மட்டும்தான். தரவு இல்லாத இடத்தைக் 'கிரிகிங்' என்ற கணக்கு நிரப்பும். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரிக் செய்த வேலையிலிருந்து வளர்ந்தது அது.

காவிரிப் படுகையின் படிவுப் பாறையில் எண்ணெய் தேடுகிறவர்களுக்கு இப்படி நிரப்புவது ஓரளவு கைகொடுக்கும். நம் கெட்டிப் பாறையில் தண்ணீர் நிற்பது வெடிப்புகளில். இந்தப் புஞ்சையில் வெடிப்பு இருந்தால் அடுத்த புஞ்சையிலும் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அந்தத் திட்டத்தின் 1:50,000 வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் அரைக் கிலோமீட்டர். அதற்குள் எத்தனை புஞ்சை!

இத்தனைக்கும் தரவு ஊருக்குள்ளேயே கிடக்கிறது. மேல்மண்ணும் மக்கிய பாறையும் சரியாமல் இருக்கத்தான் கேசிங் பைப் இறக்குகிறார்கள். கெட்டிப் பாறை தட்டியதும் நிறுத்திவிடுவார்கள். ஆக, பில்லில் 'கேசிங் 40 அடி' என்று இருந்தால், கெட்டிப் பாறை ஏறக்குறைய எங்கே ஆரம்பிக்கிறது என்பதற்கு அதுவே சான்று. பட்டா, வரி ரசீதோடு வீட்டுக்கு வீடு இருக்கும் அந்தப் பில்லைப் போட்டோ எடுத்து, சர்வே எண்ணோடு சேர்த்து வாங்க ஊராட்சிக்கு ஒருவர் போதும்.