பழைய கணினிக்கு எந்த வைரஸ் கார்ட்?

வத்தேகமவிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டில் 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினி, வின்டோஸ் 10. டியூஷன் பிள்ளைகளுக்கான வினாத்தாள்களை பாமினி எழுத்துருவில் அடித்து, பென் டிரைவில் ஏற்றி, டவுனில் உள்ள கொமியூனிகேஷனில் பிரதி எடுக்கிறார். யாரோ சொன்னார்கள் என்று ஒரு வைரஸ் கார்ட் போட்ட நாளிலிருந்து கணினி நகர மறுக்கிறதாம். பாரம் குறைந்த ஒன்றைச் சொல்லும்படி கேட்கிறார்.

புதிதாக எதையும் போட வேண்டாம் டீச்சர். போட்டதையும் எடுத்துவிடுங்கள். 2012இல் வந்த வின்டோஸ் 8 முதல், டிஃபென்டர் என்ற முழுமையான வைரஸ் கார்ட் வின்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. வேறொன்றைப் போட்டால் அது ஒதுங்கிக்கொள்ளும். வந்ததை எடுத்தால் தானாகவே வேலைக்குத் திரும்பும். வெளியே கிடைக்கும் இலவசங்களுக்கும் விலை உண்டு. பயனாளர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விபரத்தை விற்றதற்காக, அவாஸ்ட் நிறுவனம் 1 கோடியே 65 லட்சம் டொலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2024இல் அறிவித்தது.

வைரஸ் கார்ட் இரண்டு விதமாக வேலை செய்கிறது. என் அப்பா தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டுக்களத்தில் செக்றோலைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார். மலைக்குப் போன பிறகு யார் என்ன செய்கிறார்கள் என்று கவனிப்பது கங்காணியின் வேலை. அதேபோல, தெரிந்த வைரஸ்களின் அடையாளங்களைப் பட்டியலோடு ஒப்பிடுவது முதல் வேலை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமின் நடத்தையில் சந்தேகம் வந்தால் நிறுத்துவது இரண்டாவது. திறக்கும் ஒவ்வொரு கோப்பும் முதல் சோதனையைத் தாண்ட வேண்டும். பழைய கணினியில் இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க். அதனால்தான் இழுபறி. பணம் இருந்தால் வைரஸ் கார்ட்டுக்குக் கொடுக்காமல் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள்.

காவல் விழித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த பொருள் இதுதான்: ஐகார் சோதனைக் கோப்பு. மொத்தம் 68 எழுத்துகள். ஆங்கிலப் பெரிய எழுத்துகள், இலக்கங்கள், குறியீடுகள், அவ்வளவுதான். நோட்பேடில் கையாலேயே அடிக்கலாம். மூன்றாவதாக இருப்பது பூச்சியம் அல்ல, ‘ஓ’ என்ற எழுத்து. அங்கே பிழைத்தால் எல்லாம் பிழை. வாசித்தால் அர்த்தமற்ற கிறுக்கல். ஆனால் பழைய டொஸ் கணினியில் ஓடவிட்டால் அது உண்மையான புரோகிராம்: தன் பெயரை ஒரு வரியில் திரையில் காட்டிவிட்டு நின்றுவிடும். ஒரு கோப்பையும் தொடாது, எங்கும் பரவாது. ஆனாலும் வைரஸ் கார்ட் தயாரிப்பவர்கள் இதை வைரஸாகவே பிடிப்பது என்று உடன்பட்டிருக்கிறார்கள். ஐகார் அமைப்பின் தளத்திலிருந்து அந்த வரியை எடுத்துச் சேமித்துப் பாருங்கள். டிஃபென்டர் சத்தம் போட்டுப் பிடுங்கிக்கொண்டால் உங்கள் காவல் விழித்திருக்கிறது. ஒன்றுமே நடக்காவிட்டால் யாரோ அதை அணைத்து வைத்திருக்கிறார்கள்.

பெரும்பாலும் அணைப்பது திருத்தக் கொடுத்த இடத்தில்தான். திருட்டு வின்டோஸை இயங்க வைக்கும் சிறு புரோகிராம்களை டிஃபென்டர் பிடித்துவிடும் என்பதால், முதலில் அதை நிறுத்திவிட்டு வேலையை முடிக்கிறார்கள். பிறகு அப்படியே திருப்பிக் கொடுக்கிறார்கள். இது பெரிய அநியாயம். கதவைக் கழற்றி வைத்த வீட்டில் இருக்கிறோம் என்பது உரியவருக்குத் தெரிவதே இல்லை. கணினி திரும்பி வந்ததும் இந்த 68 எழுத்துச் சோதனையைச் செய்யுங்கள்.

காவலை விடப் பெரிய விஷயம் வின்டோஸின் வயது. வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. மைக்ரோசொஃப்ட் கணக்கோடு பதிந்துகொண்டால் வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். அதற்குப் பின் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்புக்கு மாறலாம். உங்களிடம் உள்ள ரேம் அதற்குப் போதும். பாமினி எழுத்துருவையும் அதில் நிறுவிக்கொள்ளலாம்.

காலாவதியான மென்பொருள் என்ன செய்யும் என்பதை நம் அரசாங்கமே அனுபவித்திருக்கிறது. 2023 ஓகஸ்டில் அரச மின்னஞ்சல் சேவையில் கப்பம் கேட்கும் மென்பொருள் புகுந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் தொலைந்தன. சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அங்கே ஓடிக்கொண்டிருந்தது மின்னஞ்சல் மென்பொருளின் ஆதரவு முடிந்த 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அந்தக் காலத்துக்கான பிரதி தனியாக இருக்கவில்லை.

ஆகவே டீச்சர், இரண்டு பென் டிரைவ் வைத்திருங்கள். கொமியூனிகேஷனுக்குக் கொண்டுபோவதில் அன்றைய வினாத்தாளின் பிடிஎஃப் மட்டும் இருக்கட்டும். மூலப் பிரதிகள் உள்ள மற்றது வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. கடையிலிருந்து வந்ததும் கோப்புறையின் படத்தில் சிறிய வளைந்த அம்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் திறக்காதீர்கள். உங்கள் கோப்புறையை ஒளித்துவிட்டு அதே பெயரில் ஒரு குறுக்குவழியை வைப்பது பென் டிரைவ் வைரஸ்களின் பழைய தந்திரம். அதைத் தொட்டால் முதலில் வைரஸ் ஓடும், பிறகு கோப்புறையும் திறக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. டிஃபென்டரில் அந்த டிரைவை மட்டும் சோதித்துவிட்டு, ஒளிக்கப்பட்ட கோப்புகளைக் காட்டும்படி வின்டோஸில் மாற்றினால் வினாத்தாள் அங்கேயே இருக்கும்.