திரைப்படத்தில் மனச்சிதைவு: கட்புலனும் செவிப்புலனும்

மனச்சிதைவு நோயுற்ற ஒருவரை நடுவாக வைத்துக் குறும்படம் எடுக்க விழையும் மாணவர், அந்நோயைக் காட்டும் திரைப்படங்களையே முதற்கண் தேடிப் பார்க்கின்றனர். அப்படங்கள் அவர்க்கு எவ்வளவு சான்றாக உதவும் என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

பெயரினின்று தொடங்குவோம். 1908-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ஆய்கன் பிளாய்லர் கிரேக்கச் சொற்கள் இரண்டைக் கூட்டி இந்நோய்க்கு ‘ஸ்கிசோஃபிரினியா’ எனப் பெயரிட்டார். ‘பிளவுற்ற மனம்’ என்பது அதன் சொற்பொருள். எண்ணமும் உணர்ச்சியும் தம்முள் இயைபு இழத்தலையே அவர் பிளவு என்றார். ஓருடம்பில் இருவர் வாழ்தலை அன்று. ‘அந்நியன்’ (2005) படத்தின் அம்பியும் ரெமோவும் அந்நியனும் வேறொரு நோயைச் சார்ந்தவர். அப்படத்தை மனச்சிதைவுக்கு எடுத்துக்காட்டாகக் கொள்பவர் தொடக்கத்திலேயே வழி தவறுவர். ‘சிதைவு’ என்னும் தமிழ் வழக்கு இவ்வகையில் மூலச்சொல்லினும் சிறந்தது என்பது நம் கருத்து.

இத்துறையில் பலரும் முதலாவதாகச் சுட்டுவது ரான் ஹோவர்டு இயக்கிய ‘எ பியூட்டிஃபுல் மைண்ட்’ (2001). 1994-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கணித அறிஞர் ஜான் நாஷின் வாழ்க்கையைத் தழுவியது அது. அறைத்தோழன் ஒருவன், அவனுடன் வரும் சிறுமி, அரசின் மறைபணியாளன் ஆகிய மூவரை நாஷ் காண்கிறார். அவருடன் நாமும் காண்கிறோம். மூவரும் இல்லாதவர் எனப் பின்னர்த் தெரியும்போது நாமும் திடுக்கிடுகிறோம். ஆண்டுகள் சென்றும் சிறுமி வளரவில்லை என்பதைக் கொண்டு நாஷ் உண்மையை உய்த்துணரும் இடம் கதையமைப்பில் மிகச் சிறந்தது. ஆயின் உண்மை நாஷ் உருவங்களைக் கண்டவர் அல்லர்; குரல்களைக் கேட்டவர். 1970-க்குப் பின் அவர் மருந்து உட்கொள்ளவும் இல்லை; படத்தின் முதிய நாஷோ புதிய மருந்துகளை உட்கொள்வதாகக் கூறுகிறார்.

உருவங்களைக் காட்டியதன் காரணம் விளங்காததன்று. திரை கண்ணுக்கு உரியது. ஆதலின் இயக்குநர் செவிப்புலனைக் கட்புலனாக மாற்றிக்கொண்டார். இந்நோயில் மிகுதியும் தோன்றும் பொய்ப்புலனுணர்வு குரல் கேட்டலே. கலையாக இப்படத்தைப் போற்றலாம். நோய்க்குச் சான்றாகக் கொள்ளல் ஆகாது.

லாட்ஜ் கெரிகனின் ‘கிளீன், ஷேவன்’ (1993) இதற்கு மறுதலை. மருத்துவமனை நீங்கிய பீட்டர் விண்டர் தன் மகளைத் தேடிச் செல்கிறான். வானொலி இரைச்சலும் மின்கம்பிகளின் முரற்சியும் யாருடையதென்று அறியவொண்ணாத பேச்சுத் துணுக்குகளும் ஓயாது ஒலிக்கின்றன. ஒலியமைப்பைக் கற்க விரும்பும் மாணவர் இதனைப் பன்முறை கேட்டல் வேண்டும் (பார்த்தல் என்னாது கேட்டல் என்றது கருதியே). எனினும், குழந்தைக் கொலையாளி அவனோ என்னும் ஐயத்தைக் கதை தொடக்கமுதல் வளர்க்கிறது. ஒலியால் அவன் உள்ளத்துள் நம்மைப் புகுத்திய இயக்குநரே கதையால் அவனை அஞ்சவும் செய்துவிட்டார்.

இவ்வச்சம் ஒரு படத்தளவில் நிற்பதன்று. 1990 முதல் 2010 வரை வெளிவந்த 41 ஆங்கிலப் படங்களை ஆராய்ந்த பாட்ரீசியா ஓவன், அவற்றில் வரும் நோயாளருட் பெரும்பாலோர் தமக்கோ பிறர்க்கோ கொடுமை இழைப்பவராகக் காட்டப்பட்டமையை 2012-இல் எடுத்துரைத்தார். நோயுற்றாருட் பெரும்பாலோர் அத்தகையர் அல்லர். பத்து நிமிடக் குறும்படத்திலும் கையில் கத்தியைக் கொடுத்துவிட்டால், அதனைக் கண்ட குடும்பம் தன் வீட்டு நோயாளியை மருத்துவரிடம் அழைத்துச் செல்லாது மறைக்கவே முற்படும்.

திரை விரும்பாத கூறு ஒன்றும் உண்டு. பேச்சுக் குறைதல், செயலில் நாட்டமின்மை, முகத்தில் உணர்ச்சி தோன்றாமை ஆகியன இந்நோயின் இயல்புகள். தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்றும் தோன்றாத முகத்தை நடித்துக் காட்டல் அரிது. ஆதலின் நடிகர் அச்சத்தையும் மருட்கையையும் மிகுவிக்கின்றனர். அபர்ணா சென்னின் ‘15 பார்க் அவென்யூ’ (2005) இவ்வகையில் பெரிதும் அடக்கம் உடையது. கற்பனைக் கணவனும் மக்களும் வாழும் வீட்டைத் தேடும் மீத்தியோடு, அவளைப் பேணிச் சோரும் தமக்கையையும் அது காட்டுகிறது.

இனி, குரல்களின் மொழி. செருமானிய மருத்துவர் குர்ட் ஷ்னைடர், நோயாளியைப் படர்க்கையில் வைத்துத் தமக்குள் உரையாடும் குரல்களையும், அவர் செயலை உடனுக்குடன் எடுத்துரைக்கும் குரல்களையும் இந்நோயின் தலையாய அறிகுறிகளுள் வைத்தார். ‘அவள் எழுகிறாள், கதவைத் திறக்கிறாள்’ என்பது போல்வன அவை. உரையாடல் எழுதுவோர் முன்னிலை ஏவலோடு அமைந்துவிடுகின்றனர். படர்க்கையின் கொடுமையை அவர் அறிந்திலர்.

குரல் யாருடையது என்பதும் ஆராயத்தக்கது. மானிடவியலார் டானியா லூர்மனும் சென்னை மருத்துவர் பத்மாவதி முதலியோரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் சான் மேட்டியோ, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூவிடத்தும் இருபதின்மராக 60 பேரை வினவியது. அமெரிக்கர் பலர் அறியாதாரின் வன்குரலைக் கேட்டனர். சென்னையிலோ உறவினர் குரல் கேட்டதாகக் கூறியோர் பாதிக்கு மேற்பட்டோர். அக்குரல்கள் இளையாரை மூத்தோர் ஏவுமாறு போல வீட்டு வேலைகளைச் செய்யுமாறு பணித்தலும் உண்டு. ஆங்கிலப் படத்தைப் பின்பற்றிச் சென்னைப் பெண்ணொருத்தியின் செவியில் இருட்டறைக் கொலைஞனின் குரலை வைப்பவர் அயலாள் ஒருத்தியின் நோயையே எழுதுகின்றனர். அது மாமியின் குரலா, மறைந்த தந்தையின் குரலா, ‘நீ’ என்னுமா ‘அவள்’ என்னுமா எனத் துணிதற்கு நோயுற்றாரும், அவர்தம் குடும்பத்தாரும், 1984-இல் சென்னையில் தோன்றிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றின் மருத்துவருமே உதவுவர்.