சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத் தேர்வு ஆயத்தமும் இருகரைக் கலைச்சொற்களும்

ஆய்வுச் சுருக்கம்
இலங்கையில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தைத் தமிழ்மொழி மூலம் பயிலும் மாணவர், பாடப்பொருளோடு அதன் கலைச்சொற்களையும் எதிர்கொள்கின்றனர். ஒரே கருத்து இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் வெவ்வேறு சொற்களால் வழங்குவது தேர்வு ஆயத்தத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தகவல் தொடர்பாடல் தொழினுட்பம், சாதாரண தரம், கலைச்சொல், எண் முறைமை, படலை.

முன்னுரை
கல்விப் பொதுத் தராதரப் பத்திரச் சாதாரண தரத் தேர்வு இலங்கை மாணவர் பதினோராம் தர முடிவில் எழுதுவது. அதில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் விருப்பப் பாடங்களுள் ஒன்றாகும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் இதற்கு வினாத்தாள் உண்டு. முதலாம் வினாத்தாள் 40 பல்தேர்வு வினாக்களைக் கொண்டது. அதற்குரிய காலம் 1 மணி நேரம். அதாவது ஒரு வினாவுக்கு ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்திற்குள் ஒரு கலைச்சொல்லின் பொருளை ஊகித்துக்கொண்டிருக்க இயலாது.

படலையும் சாவியும்
கலைச்சொல் வேறுபாடு பாடத்தின் பெயரிலேயே தொடங்குகிறது. தமிழ்நாட்டில் 'தகவல் தொடர்பு', 'தொழில்நுட்பம்', 'மின்னணு' என்பன இலங்கையில் 'தகவல் தொடர்பாடல்', 'தொழினுட்பம்', 'இலத்திரனியல்' என வழங்கும். இவை எளிதில் விளங்குவன. ஆயின், தமிழ்நாட்டுப் பாடக் காணொளிகளில் 'இருநிலை எண்', 'விசைப்பலகை', 'இயக்க அமைப்பு' எனக் கேட்டுப் பழகிய மாணவர் வினாத்தாளில் 'துவித எண்', 'சாவிப்பலகை', 'பணிசெயல் முறைமை' எனக் காணும்போது தயங்க நேர்கிறது. பொருள் தெரிந்திருந்தும் சொல் தெரியாமையால் மதிப்பெண் இழக்கும் நிலை இது.

தமிழ்நாட்டில் 'தருக்க வாயில்' எனப்படுவது இலங்கையில் 'தருக்கப் படலை'. யாழ்ப்பாணத்து வீடுகளின் வேலியில் அமைந்த கதவே படலை. நாள்தோறும் திறந்து மூடும் பொருளின் பெயர் கலைச்சொல்லாகியிருப்பது அப்பகுதி மாணவருக்கு ஒரு வாய்ப்பு. உள்ளே விடுவதும் தடுப்பதுமாகிய செயலை அச்சொல்லே காட்டிவிடுகிறது. தரவுத்தளப் பகுதியில் நிலைமை தலைகீழ். பேச்சுவழக்கில் 'திறப்பு' என்று சொல்லும் மாணவர் பாடத்தில் 'முதன்மைச் சாவி' என்று எழுதவேண்டும். தமிழ்நாட்டின் 'முதன்மைத் திறவுகோல்' அவரது வீட்டுச் சொல்லுக்கு நெருக்கமானது என்பது சுவையான முரண்.

'எண்ம' என்னும் சொல் இவை எல்லாவற்றினும் கவனத்திற்குரியது. எட்டையும் எண்ணிக்கையையும் 'எண்' என்ற ஒரே வடிவம் குறிக்கிறது. எட்டின் அடியாகப் பிறந்த 'எண்ம எண்' எட்டை அடியாகக் கொண்ட எண் முறைமையைச் சுட்டும். எண்ணிக்கையின் அடியாகப் பிறந்த 'எண்ம' என்பதோ அண்மைக்கால வழக்கில் டிஜிட்டல் என்பதற்கு நிகராக வழங்குகிறது. பிந்தைய பொருளை இலங்கைப் பாடநூல் வழக்கு 'இலக்கமுறை' என வேறுபடுத்திவிடுவதால் தேர்வில் குழப்பத்திற்கு இடமில்லை. வெளியே படிப்பவருக்குத்தான் இடருண்டு.

பயிற்சியின் இயல்பு
சொல் தெளிந்தபின் எஞ்சுவது செய்முறை. தசம எண் 37ஐத் துவித எண்ணாக்க, அதனை 2ஆல் தொடர்ந்து வகுத்து மீதிகளைக் கீழிருந்து மேலாக எழுதினால் 100101 கிடைக்கும். அதனை வலப்புறமிருந்து மும்மூன்றாகப் பிரித்தால் 100, 101. எனவே எண்ம வடிவம் 45. நந்நான்காகப் பிரித்தால் 10, 0101. பதினறும வடிவம் 25. இடப்புறமிருந்து பிரிக்கத் தொடங்குவது பிழைக்கு வழிவகுக்கும். ஆறு இலக்கங்கள் மூன்றால் மீதியின்றி வகுபடுவதால் எண்ம மாற்றத்தில் அப்பிழை வெளிப்படாது, பதினறும மாற்றத்தில்தான் வெளிப்படும். ஆகவே பயிற்சிக்கு இத்தகைய எண்களை மட்டும் தேர்ந்துகொள்வது போதாது.

நிரலாக்கப் பகுதியில் பாய்ச்சற் கோட்டுப்படத்தை மனத்தால் மட்டும் தொடர்வது போதாது. தொகை 0, எண் 1 எனத் தொடங்கி, எண் 5ஐ விஞ்சாதவரை அதனைத் தொகையுடன் கூட்டி, பின் எண்ணை ஒன்றால் அதிகரிக்கும் மீள்செயலைக் கொள்வோம். முடிவில் தொகை 15. எண்ணின் இறுதி மதிப்பு 6. அதனை 5 என எழுதிவிடுவது எளிது. 6 ஆகாமல் நிபந்தனை பொய்யாகாது, மீள்செயலும் நிற்காது. ஒவ்வொரு சுற்றிலும் மாறிகளின் மதிப்பை அட்டவணையாக எழுதுபவருக்கு இது தானே புலப்படும்.

கடந்தகால வினாத்தாள்களைத் தமிழ்மொழி மூலத்திலேயே செய்து பழகுவது இக்காரணத்தால் இன்றியமையாதது. அவற்றில் வரும் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் எதிரே கணினித் திரையில் காணும் ஆங்கிலச் சொல்லையும், கேட்டறிந்த தமிழ்நாட்டுச் சொல்லையும் மாணவர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். கற்பதற்கு மூன்றும் உதவும்; விடைத்தாளுக்குரியது வினாத்தாளின் சொல்.