நகரும் கிண்ணமும் நடுங்கும் பாறையும்

சுங்கை வேயில் ஓர் ஒட்டுக்கடை. ஈரத் துணியால் துடைத்த மேசைமேல் கொதிக்கக் கொதிக்க ஆட்டு சூப் வந்து இறங்குகிறது. யாரும் தொடவில்லை, கிண்ணம் தானாக நகர்கிறது. அடிவளையத்துக்குள் சிக்கிய காற்று சூடேறி விரிகிறது. ஓரத்தை ஈரம் அடைத்திருப்பதால் அதற்கு வெளியேற வழியில்லை. கிண்ணத்தை மேல்நோக்கித் தாங்குகிறது. எடை அப்படியேதான் இருக்கிறது, மேசைமேல் இருந்த பிடிதான் தளர்ந்துவிட்டது. லேசான சரிவு போதும், வழுக்கிவிடும்.

அணைகளுக்கும் நிலநடுக்கத்துக்கும் உள்ள உறவு இந்தக் கிண்ணத்துக்குள் இருக்கிறது. நிலப்பிளவின் இருபக்கப் பாறைகளும் மேலுள்ள சுமையால் இறுகப் பிடித்து நிற்கின்றன. மேலே ஏரி நிறைந்தால் அதன் அழுத்தம் விரிசல்களில் உள்ள நீர்வழியே கீழே பரவி, பாறைகளை உள்ளிருந்து விலக்குகிறது. ஏற்கெனவே நழுவக் காத்திருந்த பிளவு நழுவுகிறது.

என்னை வியக்க வைப்பது அளவுதான். 100 மீட்டர் ஆழ நீர் கொடுக்கும் அழுத்தம் சுமார் 10 வளிமண்டலம். 5 கிலோமீட்டர் ஆழத்தில் பாறையின் சுமையோ 1,300 வளிமண்டலத்தை ஒட்டியது. யானைமேல் ஒரு குழந்தை ஏறியது போல! ஆனாலும் மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் 103 மீட்டர் உயர அணை கட்டி, 1962இல் நீர் தேக்கத் தொடங்கியதும் சிறு அதிர்வுகள் வந்தன. 1967 டிசம்பர் 11 அன்று 6.3 அளவில் நிலம் குலுங்கியது. ஏறத்தாழ 180 பேர் இறந்தார்கள். ஐந்தாண்டு தாமதம் ஏன்? எடை உடனே அழுத்தும். நீரழுத்தம் பாறைக்குள் ஊர்ந்துதான் போகும்.

நம் நாட்டில் இதெல்லாம் இல்லை என்று நினைக்க வேண்டாம். திரெங்கானுவின் கெனீர் ஏரி நிரம்பிய 1980களின் நடுவில் அங்கே அதிர்வுகள் பதிவாயின, பெரியது 4.6 வரை போனது. அணையே இல்லாமலும் பாறை அசையும்: 2007 நவம்பர் 30 அன்று கோலாலம்பூருக்கு அருகே புக்கிட் திங்கியில் சிறு நடுக்கங்கள் வந்தன. 2004 சுமத்ரா பேரதிர்வு பழைய பிளவுகளைத் தட்டி எழுப்பியிருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து.

தாமான் மெலாவாத்தி பக்கம் நிமிர்ந்தால் புக்கிட் தாபுரின் வெண்பாறை முகடு தெரியும். பண்டைய பிளவொன்றில் சூடான கனிமநீர் ஏறி, குவார்ட்ஸாக உறைந்து 14 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மதில் அது. கிள்ளான் ஆறு அதை அறுத்துக்கொண்டு வரும் வாயிலில்தான் 1958இல் கிள்ளான் கேட்ஸ் அணை எழுந்தது. பிளவின் தழும்பு இருப்பதாலேயே ஓர் இடம் ஆபத்தானது ஆகிவிடாது. அந்தப் பிளவு இன்னும் நழுவும் நிலையில் இருக்கிறதா என்பதே கேள்வி.

அதைத்தான் நிலவியலாளர்கள் தேடுகிறார்கள். பிளவுக்குக் குறுக்கே பள்ளம் தோண்டி, மேலுள்ள மண்ணடுக்குகள் விலகியிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். துளையிட்டு, அழுத்தத்துடன் நீரைச் செலுத்தி, பாறை எவ்வளவு குடிக்கிறது என்று அளப்பார்கள். ஏரியைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளையும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. 1963 அக்டோபர் 9 இரவு இத்தாலியின் வயோந்த் ஏரிக்குள் ஒரு மலைப்பக்கமே சரிந்தது. எழுந்த அலை அணையைத் தாண்டி விழுந்து சுமார் 2,000 உயிர்களைக் கொண்டுபோனது. அணை உடையவில்லை, இன்றும் நிற்கிறது.

நம்முடைய மழைக்காட்டில் வேலை இன்னும் கடினம். வெயிலும் மழையும் கருங்கல்லைப் பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாக்கிவிடுகின்றன. பிளவின் தடயம் கரைந்து போகிறது. ஆகவே காதுதான் துணை. நீர் தேக்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதிர்வுமானிகளை நட்டு, அந்தப் பள்ளத்தாக்கு இயல்பில் எவ்வளவு முனகுகிறது என்று பதிந்து வைக்க வேண்டும். ஏரி நிரம்பியபின் வரும் அதிர்வு பழையதா, புதியதா என்று அந்தப் பதிவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.