கட்டணத்தின் காலக்கணக்கு

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. அங்கிருந்து புறப்படும் நீர் கல்லணையை அடைந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, கடைமடையை எட்டச் சில கிழமைகள் ஆகும். அதே கிழமைகளில் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டத்து வீடுகளுக்கு வேறொன்றும் வந்து சேர்கிறது: பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, இந்த நாளுக்குள் கட்டணத்தைச் செலுத்துக என்னும் கடிதம். உழவுக்கும் விதைக்கும் நடவுக்கும் கையிலிருந்த காசெல்லாம் சேற்றில் இறங்கிவிட்ட நேரம் அது.

ஜூன், ஜூலையில் நட்ட குறுவை, செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும்தான் களத்துக்கு வரும். ஆகஸ்டு, செப்டம்பரில் நட்ட சம்பா, சனவரி, பிப்ரவரியில் அறுவடையாகும். கல்லூரியின் முதற்பருவம் ஜூலை, ஆகஸ்டில் தொடங்குகிறது; இரண்டாம் பருவம் திசம்பர், சனவரியில் தொடங்குகிறது. இரு பருவங்களும் இரு அறுவடைகளுக்குச் சற்று முன்பாகவே பிறக்கின்றன. கட்டண அட்டவணையை வகுத்தோர் உழவரை வருத்தவேண்டுமென்று இதைச் செய்யவில்லை. திங்கள் ஊதியம் பெறுவோரை எண்ணி வகுத்தனர். ஆயினும் விளைவு ஒன்றே. தனியார் கல்விக் கட்டணம் குறித்த பேச்சு பெரும்பாலும் ‘எவ்வளவு’ என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. நெல்லை நம்பி வாழும் நாட்டில் ‘எப்போது’ என்பதும் அதே அளவு கனமான கேள்வி.

முதலில் எவ்வளவு என்பதை நெல்லாலேயே அளந்து பார்ப்போம். 2025–26 கொள்முதல் பருவத்தில் பொது வகை நெல்லுக்கு, மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்ந்து, குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. ஆக, மூட்டை ஒன்று 1,000 ரூபாய். கணக்கிடுவோர்க்கு இதைவிட இணக்கமான எண் வாய்க்காது. நல்ல விளைச்சலில் ஏக்கருக்கு 60 மூட்டை கண்டு, அதில் பாதி சாகுபடிச் செலவுக்குப் போகும் எனக் கொண்டால், மிஞ்சுவது 30 மூட்டை. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 1,50,000, விடுதிக்கும் உணவுக்கும் 1,00,000 என்று வைத்துக்கொள்வோம். 250 மூட்டை. ஏறத்தாழ எட்டேகால் ஏக்கரின் ஒரு போக மிச்சம். தஞ்சைக் கணக்கில் ஒன்றேகால் வேலி. ஒரு வேலி நிலமுடையவர் ஊரில் எத்தனை பேர் என்பதைப் படிப்பவரே எண்ணிக்கொள்ளலாம்.

கும்பகோணத்தில் ஒரு பழைய ஒப்புநோக்கு உண்டு. 1854-இல் தோன்றிய அவ்வூர் அரசுக் கல்லூரியில் சீனிவாச இராமானுசன் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களைப் புறக்கணித்துத் தேர்வில் தவறியதால் அவ்வுதவி பறிபோயிற்று. அதன்பின் செலுத்தவேண்டிய கட்டணம் பருவத்துக்கு 32 ரூபாய். துணிக்கடைக் கணக்கரான தந்தையின் திங்கள் வருவாய் ஏறத்தாழ 20 ரூபாய். ஏறத்தாழ ஒன்றரைத் திங்கள் வருவாய் ஒரு பருவத்துக்குப் போதுமானதாக இருந்தது. அதுவே அக்குடும்பத்துக்குத் தாங்கவில்லை. மேற்சொன்ன 1,50,000 கல்விக் கட்டணத்தில் ஒரு பருவத்தின் பங்கு 75,000. அதே ஒன்றரைத் திங்கள் விகிதத்தில் அதைச் செலுத்தத் தந்தையின் வருவாய் திங்களுக்கு 50,000 இருக்கவேண்டும். அந்த இராமானுசன் வாழ்ந்த கும்பகோணம் வீட்டை வாங்கி இன்று பேணிவருவது ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்பதையும் இங்கே குறித்து வைக்கலாம்.

நெல் கல்வியாக மாறுவது இந்நாட்டுக்குப் புதிதன்று. இரண்டாம் சரபோசி காலத்தில் எழுந்த ஒரத்தநாடு முத்தம்மாள் சத்திரம் வழிப்போக்கர்க்குச் சோறிட்டதோடு மாணவர்க்கு உணவும் கல்வியும் கட்டணமின்றி வழங்கியது. அதற்கு வேராக இருந்தது நிலத்தின் விளைச்சல். பூண்டியில் 1956-இல் புட்பம் கல்லூரியைத் தோற்றுவித்தவர்கள் அப்பகுதி நிலக்கிழார் குடும்பத்தினர். அக்காலங்களில் நெல்லின் மிச்சம் கொடையாளரின் கை வழியே கல்விக்குச் சென்றது. மாணவன் வீட்டு நெற்குதிரைத் தொடவில்லை. 1984-இல் தமிழக அரசு தன்நிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு இசைவளித்தபின் வழி மாறியது. அவ்வாண்டே திருமலைசமுத்திரத்தில் சண்முகா பொறியியல் கல்லூரி எழுந்தது. 2001-இல் அது சாசுத்ரா நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. வல்லத்தில் 1988-இல் பெண்களுக்கெனத் தொடங்கிய பெரியார் மணியம்மை பொறியியல் கல்லூரி 2007-இல் அந்நிலையை அடைந்தது. வல்லத்து மேட்டுநிலம் செம்பொறை மண். அங்கே நெல் செழிக்காது. வயலில் விளைந்த பணம் விளையாத மேட்டுக்கு ஏறியது, இம்முறை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நேராக.

கட்டணம் ஏன் இவ்வளவு ஏறுகிறது? பேராசை என்பது எளிய விடை. சில இடங்களில் உண்மையான விடையும்கூட. ஆனால் நேர்மையாக நடத்தினாலும் கல்வியின் விலை மற்றப் பொருள்களைவிட விரைந்தே ஏறும் என்பதற்குப் பொருளியலில் ஒரு விளக்கம் உண்டு. வில்லியம் பாமோல், வில்லியம் போவென் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1966-இல் இசை, நாடகக் கலைகளின் செலவை ஆராய்ந்து இதனைக் காட்டினர். திருவையாற்றுக்கே அதைப் பெயர்த்துச் சொல்லலாம். தியாகராசர் காலத்தில் ஓர் ஏக்கர் நெல்லை அறுத்துக் கட்டிப் போரடிக்கப் பலர் பல நாள் உழைத்தனர். இன்று அறுவடைப் பொறி ஒரு மணி நேர அளவில் முடித்துவிடுகிறது. அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாட அன்று எவ்வளவு நேரம் ஆயிற்றோ இன்றும் அவ்வளவே ஆகிறது. பாடுவோரைப் பாதியாகக் குறைத்துப் பாடலை இரு மடங்கு விரைவாக முடிக்க எவராலும் இயலாது. ஆயினும் பாடகரும் பிறரைப்போல் இன்றைய விலைவாசியில்தான் அரிசி வாங்கவேண்டும். உழைப்பின் விளைதிறன் உயராத தொழிலிலும் ஊதியம் உயர்ந்தே ஆகவேண்டும் என்பதால் அதன் விலை பிறவற்றை விஞ்சி ஏறுகிறது. ஆசிரியத் தொழிலும் அவ்வகையதே.

பொறியியல் கல்லூரியில் 20 மாணவர்க்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்பது அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் நெறி. 2017-இல் அரசுக் கலந்தாய்வு இடங்களுக்கு வகுத்த கட்டணம் 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற படிப்புக்கு 55,000. ஆக, ஓர் ஆசிரியரைச் சுற்றிச் சேரும் ஆண்டுத் தொகை 10,00,000. அவர் ஊதியம், ஆய்வகம், கட்டடம், மின்சாரம், அலுவலகம் எல்லாம் இதற்குள் அடங்கவேண்டும். ஒரு கல்லூரி 1,50,000 வாங்கினால் அத்தொகை 30,00,000 ஆகிறது. அந்த உயர்வு ஆசிரியரின் ஊதியத்திலும் ஆய்வகத்திலும் தெரிகிறதா என்பதே பெற்றோர் கேட்கவேண்டிய கேள்வி. கட்டடத்தின் கண்ணாடிச் சுவரைப் பார்த்து விடை சொல்லிவிட முடியாது.

நெல்லின் விலையும் ஏறாமலில்லை. 2014–15-இல் பொது வகை நெல்லின் குறைந்தபட்ச ஆதரவு விலை 1,360 ரூபாய், 2025–26-இல் 2,369. ஆண்டுக்கு ஏறத்தாழ 5.2 விழுக்காடு. இந்த வேகத்தில் விலை இரட்டிக்க 14 ஆண்டு ஆகும். கட்டணம் ஆண்டுக்கு 10 விழுக்காடு ஏறினால் ஏறத்தாழ 7 ஆண்டிலேயே இரட்டித்துவிடும். ஒரே படிப்புக்குள்ளேயும் இதைக் காணலாம். முதலாண்டுக் கட்டணம் 1,50,000 என்றதும் நான்கால் பெருக்கி 6,00,000 எனக் கணக்கிடுகிறோம். ஆண்டுதோறும் 10 விழுக்காடு கூட்டும் நிறுவனத்தில் அது ஏறத்தாழ 6,96,000. சேரும் நாளிலேயே ‘நான்காண்டுக்கும் இதே கட்டணமா’ என்று எழுத்தில் கேட்டுப் பெறுவது நலம்.

சட்டத்தின் நிலையைச் சுருங்கச் சொல்லலாம். நன்கொடை என்ற பெயரில் தலைவரி வாங்குவதைத் தமிழ்நாட்டுச் சட்டம் 1992-லேயே தடுத்துவிட்டது. உச்சநீதிமன்றம் 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில், தனியார் நிறுவனம் தன் வளர்ச்சிக்கு வேண்டிய அளவான மிகுதியைக் கொள்ளலாம், கொள்ளை இலாபம் கூடாது என்று வரையறுத்தது. 2003-இல் வந்த அடுத்த தீர்ப்பின்வழிக் கட்டணக் குழுக்கள் அமைந்தன. அக்குழு வகுக்கும் வரம்பு தன்நிதிக் கல்லூரிகளுக்கு உரியது; நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் இடங்களை அது கட்டுப்படுத்துவதில்லை. இந்த வேறுபாடு சேர்க்கை நாளில் பலருக்குத் தெரிவதில்லை. முதல் பட்டதாரிச் சலுகையும், 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டோடு வரும் முழுக் கட்டண விலக்கும் அரசுக் கலந்தாய்வு வழி சேர்வோர்க்கே. தன்நிதிக் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்னும் இரு வாயில்களில் எதில் நுழைகிறோம் என்பதைப் பொறுத்து இவை கிட்டும் அல்லது கிட்டா. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 2022 முதல் அரசுப் பள்ளியில் படித்த மாணவியர்க்குத் திங்கள் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூர்ப் பெயர் தாங்கிய அத்தொகை, திங்களுக்கு ஒரு மூட்டை நெல்.

கட்டிய பணத்தை மீட்கும் விதியும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கையின்படி, சேர்க்கையின் இறுதி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் சிறு கழிவு போக முழுத்தொகையும் திரும்பும். இறுதி நாளுக்குப்பின் 15 நாளுக்குள் 80 விழுக்காடு, 30 நாளுக்குள் 50 விழுக்காடு, அதற்குமேல் ஒன்றுமில்லை. மூலச் சான்றிதழ்களை நிறுவனம் பிடித்து வைக்கக்கூடாது என்பதும் அதே அறிவிக்கை. விலகுவோர் கடிதத்தை நாளிட்டுக் கொடுத்து ஒப்புகை பெறவேண்டும்; வாய்ச்சொல்லுக்கு நாட்கணக்கு இல்லை.

இனிக் கடன். 4,00,000 ரூபாய் வரை பெற்றோர் உடன்கையொப்பமே போதும். வங்கி வேறு பிணை கேட்பதில்லை. ஆண்டுக்கு 1,00,000 வீதம் நான்காண்டு பெறுகிறோம், வட்டி 10 விழுக்காடு, படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை என்று கொள்வோம். தனி வட்டி முதலாண்டுத் தொகைக்கு 50,000, அடுத்தடுத்து 40,000, 30,000, 20,000. ஆக 1,40,000 சேர்ந்து, திருப்பத் தொடங்கும் நாளில் கடன் 5,40,000. பத்தாண்டில் அடைக்கத் திங்களுக்கு ஏறத்தாழ 7,136 ரூபாய். படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் கட்டிவந்தால் முதலாண்டில் திங்களுக்கு 833, இரண்டாம் ஆண்டில் 1,667, பின்பு 2,500, நான்காம் ஆண்டிலும் காத்திருப்பு ஆண்டிலும் 3,333. அப்போது பின்னர்த் தவணை 5,286 ஆகக் குறைகிறது. மொத்தத்தில் ஏறக்குறைய 82,000 ரூபாய் மிச்சம். இயலுவோர் அவ்வாறு செய்க. ஆத்திரேலிய நாடு 1989-இல் வேறொரு நெறியைக் கைக்கொண்டது: பட்டதாரியின் வருவாய் ஒரு வரம்பைத் தாண்டிய பின்னரே, வரியோடு சேர்த்து, வருவாய்க்கேற்ப மீட்பது. வருவாய் வரும் நாளைக் கண்டு கடனை மீட்கும் அறிவு நமக்கும் இல்லாததன்று. கூட்டுறவுச் சங்கத்தின் பயிர்க்கடன் அறுவடையைக் கணக்கிட்டே கெடு வைக்கிறது. விதைக்குத் தரும் கடனில் உள்ள அறிவு கல்விக் கட்டணத்தில் மட்டும் இல்லை.

அவ்வறிவு இல்லாததன் விலை யார் தலையில் விழுகிறது என்று பார்ப்போம். ஜூலை முடிவில் 75,000 ரூபாய் கட்டவேண்டும். கடன் ஒப்புதல் வரக் காலமாகும். நகை ஏற்கெனவே அடகில். ஊரில் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்குகிறார் ஒருவர். திங்களுக்கு மூன்று என்பது ஆண்டுக்கு 36 விழுக்காடு. அக்டோபர் முடிவில் குறுவைப் பணம் வரும்வரை மூன்று திங்களுக்கு வட்டி 6,750 ரூபாய், ஏழு மூட்டைக்குச் சற்றுக் குறைவு. ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் என்று கொள்முதல் நிலையத்தில் நெல் கிடந்தால், மழை பெய்தால், வட்டி இன்னும் வளரும். கல்லூரியே அம்மூன்று திங்களும் பொறுத்து, அத்தொகையை வங்கியில் 9 விழுக்காட்டுக்குப் பெற்றுச் சமாளித்தால் அதற்காகும் செலவு 1,688 ரூபாய். ஆசிரியர்க்குத் திங்கள்தோறும் ஊதியம் தரவேண்டிய கல்லூரியின் இடர்ப்பாடு உண்மையே. ஆனால் ஒரே காலத்தாழ்வு ஒருவர்க்கு 1,688-உம் மற்றவர்க்கு 6,750-உம் ஆகும்போது, அதைத் தாங்கத் தகுதியுடையவர் யாரென்பதில் ஐயமில்லை. வல்லத்திலும் திருமலைசமுத்திரத்திலும் கும்பகோணத்திலும் கல்லூரி நடத்துவோர் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் தவணையை அக்டோபர் முடிவுக்கும், இரண்டாவதை மார்ச்சுத் தொடக்கத்துக்கும் மாற்றித் தரவேண்டும். வேண்டுமாயின் அந்த 1,688 ரூபாயையும் கட்டணத்தோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளட்டும்.