தழும்பு ஆறிய பிறகும் நோகிறதா?

கிளிநொச்சிப் பக்கத்தில் ஓர் அக்கா. போரில் கணவரை இழந்து, கூலி வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்ப்பவர். வீட்டுத் தரிசிப்புக்குப் போகும்போதெல்லாம் கிணற்றடியில்தான் நிற்பார். அன்று திண்ணையில் சரிந்து இருந்தார்.

“ஹேர்ணியா வெட்டி ஒன்றரை வருசம் தங்கச்சி. காயம் ஆறிட்டுது. ஆனா வாளி தூக்கினா கவட்டுக்குள்ள நெருப்பா எரியுது. பஞ்சியில நடிக்கிறன் எண்டு சனம் சொல்லுது.”

திரும்ப வைத்தியரிடம் காட்டவில்லையா என்று கேட்டேன். தலையைக் குனிந்தார். அந்த இடத்தைக் காட்ட வெட்கம். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலியும் போய்விடும்.

சகோதரிகளே, அது நடிப்பல்ல. கவட்டு ஹேர்ணியா சத்திரசிகிச்சை செய்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில், மூன்று மாதங்களுக்குப் பின்னரும் அன்றாட வேலையைப் பாதிக்கும் நோவோடு இருக்கிறார்கள். அந்த இடத்தால் செல்லும் நரம்புகள் தையலிலோ தழும்பிலோ உள்ளே வைத்த வலையிலோ சிக்குப்படுவது இதற்கு ஒரு காரணம். எரிவு, குத்து, தொடை வரை ஓடும் நோ என்பன அதன் அடையாளங்கள். தழும்பைச் சுற்றிய விறைப்பு பலருக்கும் உண்டு. அது பெரும்பாலும் ஆபத்தானதல்ல.

பெண்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுவீடனில் பெண்களுக்குச் செய்த 6,895 சத்திரசிகிச்சைகளை ஆராய்ந்து 2005 இல் வெளியிட்டார்கள். மறுபடி சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்த பெண்களில் பத்துக்கு நான்கு பேரிடம் காணப்பட்டது, சற்றுக் கீழே தொடைப் பக்கமாக இறங்கும் ஹேர்ணியா. முதல் தடவை அது கண்ணில் படாமல் போயிருக்கலாம். ஆகவே வீக்கம் திரும்பத் தெரிந்தால் பொறுத்திருக்க வேண்டாம். வீக்கம் உள்ளே போகாமல் இறுகி, கடும் நோவும் வாந்தியும் வந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். குடல் நெரிபட்டால் உயிருக்கே ஆபத்து.

வெறும் பனடோலோடு காலம் தள்ளாதீர்கள். பழைய துண்டுகளை எடுத்துக்கொண்டு சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குப் போங்கள். பெண் வைத்தியரோ தாதியோ பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். நரம்பு நோவுக்குத் தனி மருந்துகளும் விறைப்பூசியும் உண்டு. சிலருக்கே மறுபடி வெட்ட வேண்டிவரும்.

அடுத்த கிளினிக் நாளில் அக்காவோடு நானும் போனேன். பரிசோதித்து, நரம்பு நோ என்று மருந்து எழுதினார்கள். முழுக்க மாறவில்லை, குறைந்திருக்கிறது. தண்ணீரைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் முறை வைத்து அள்ளிக் கொடுக்கிறார்கள்.

“நான் நடிக்கேல்லை எண்டு இப்ப அவையளுக்கும் தெரியும்” என்றார் அக்கா.